தமாம் என்பது எதன் நிறைவு?

“பிள்ளை குர்ஆன் தமாம் செய்துவிட்டான்” என்று நம் இல்லங்களில் சொல்லப்படும்போது அச்சொல்லில் ஒரு பெருமிதம் ஒலிக்கின்றது. அன்று உஸ்தாதுக்குப் புத்தாடை அளிக்கப்படுகின்றது, உற்றார் உறவினர் அழைக்கப்படுகின்றனர், இனிப்பு வழங்கப்படுகின்றது, பிள்ளையின் தலைமீது கைவைத்துப் பெரியவர்கள் துஆச் செய்கின்றனர். இவை யாவும் நல்லவை, காக்கப்படவேண்டியவை. இறைமறைக்கு விழா எடுக்கும் சமுதாயம் இறைமறையை மதிக்கும் சமுதாயமே. ஆயினும், அவ்விழாவின் மறுநாள் காலையில் கேட்கப்படவேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடுகின்றது. முப்பது ஜுஸ்உக்களையும் ஓதி முடித்த அந்தப் பிள்ளை, அவற்றுள் ஒரே ஒரு சூராவிலேனும் தன்னைப் படைத்தவன் தன்னிடம் என்ன சொல்கின்றான் என்பதை அறிந்திருக்கின்றதா? அறியவில்லையெனில், தமாம் ஆனது எது? ஏடுகளா, கல்வியா?

இக்கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் இரு பக்கங்களிலிருந்தும் மறுப்பு எழும் என்பதை நாம் அறிவோம். ஒரு சாரார், “சிறுபிள்ளைக்குப் பொருள் எதற்கு? பிழையின்றி ஓதக் கற்றுக்கொண்டால் போதும், பொருள் ஆலிம்களின் துறை” என்பர். மற்றொரு சாரார், “பொருள் தெரியாமல் மனனம் செய்வது கிளிப்பிள்ளைப் பாடம், அதை விட்டொழித்துத் தமிழ் மொழிபெயர்ப்பைப் படிக்கவைத்தாலே போதும்” என்பர். முன்னவர் பழமையின் பெயரால் பேசுகின்றனர். பின்னவர் அறிவின் பெயரால் பேசுகின்றனர். ஆனால் இருவரும் செய்வது ஒன்றுதான்: நாவையும் நெஞ்சையும் பிரிக்கின்றனர். பிள்ளை எந்தச் சூராவை மனனம் செய்கின்றதோ, அந்தச் சூராவின் பொருளை, மனனம் செய்யும் அந்த வாரத்திலேயே, தாய்மொழியில், தன் வயதுக்கேற்ற அளவில் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே நாம் வலியுறுத்துவது. இதற்குக் குறைந்த எதுவும் குர்ஆன் கல்வியாகாது. இதற்கு மேற்பட்ட எதுவும் சிறுவயதில் கட்டாயமன்று.

முதலில், மனனத்தை இகழ்வோருக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவோம். திருக்குர்ஆன் ஏடுகளில் தொகுக்கப்படுமுன் நெஞ்சங்களில் தொகுக்கப்பட்ட வேதம். யமாமா போரில் ஓதலில் தேர்ந்த தோழர்கள் பலர் ஷஹீதானபோதுதான், இனியும் இவ்வாறு நேர்ந்தால் மறையின் பகுதிகள் இழக்கப்படுமோ என்று உமர் (ரலி) அவர்கள் அஞ்சி, அதனை ஒரே தொகுப்பாக எழுதிவைக்குமாறு கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் வற்புறுத்தினார்கள். அந்த அச்சமே, நெஞ்சில் ஏந்தியவர்களின் அருமைக்குச் சான்றாகும். இன்றும் உலகின் ஒரு மூலையில் இமாம் ஓர் எழுத்துத் தவறினாலும் பின்னால் நிற்கும் ஹாபிழ் உடனே எடுத்துக்கொடுக்கின்றார். இப்பாதுகாப்பு ஏட்டினால் மட்டும் வந்ததன்று, மனனத்தினால் வந்தது. அம்மனனத்துக்கு உரிய பருவம் இளமை என்பதையும் எவரும் மறுக்கவியலாது.

தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாஸீனை வைத்துக்கொண்டு ஓதினால் போதாதா என்று கேட்போரும் உளர். அரபியில் ‘கல்பு’ என்றால் நெஞ்சம். ‘கல்பு’ என்றால் நாய். தமிழில் எழுதிக் காட்டும்போது இரண்டும் ஒன்றாகவே தோன்றுகின்றன அல்லவா? அரபியிலோ முன்னது காஃப் என்னும், தொண்டையையொட்டி அடிநாவில் பிறக்கும் எழுத்து. பின்னது காஃப் என்றே நாம் எழுத நேர்ந்தாலும், அதனினும் முன்னே பிறக்கும் வேறோர் எழுத்து. நம் தமிழ் எழுத்தால் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலவில்லை என்பதை இந்தப் பத்தியே மெய்ப்பிக்கின்றது. உஸ்தாதின் வாயிலிருந்து பிள்ளையின் காதுக்குச் சென்று, பிள்ளையின் வாயிலிருந்து உஸ்தாதின் காதுக்குத் திரும்பினாலன்றி இவ்வேறுபாடு நாவில் நிலைபெறாது. ஆகவே ஓதலும் மனனமும் தஜ்வீதும் இன்றியமையாதவை. மொழிபெயர்ப்பு அவற்றுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

இனி, மனனத்தோடு நின்றுவிடுவோரை நோக்கித் திரும்புவோம். ஓர் எழுத்துக்குப் பத்து நன்மை என்ற நபிமொழியை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அது நம் தலைமேற் கொள்ளத்தக்க மொழியே. தட்டுத் தடுமாறி ஓதுபவருக்கு இருமடங்கு நன்மை உண்டு என்ற நற்செய்தியும் அவ்வாறே. பொருள் தெரியாது ஓதும் பாட்டியின் ஓதல் வீண் என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. அவ்வாறு சொல்வது நம் வேலையுமன்று. ஆனால், ஆர்வமுள்ள எளியோருக்கு ஆறுதலாக வந்த ஒரு நற்செய்தியை, கற்பிக்கும் கடமையினின்று தப்பித்துக்கொள்ளும் சாக்காக மாற்றுவது எவ்வகையில் முறை?

திருமறை தன்னைப்பற்றித் தானே என்ன கூறுகின்றது? அறிந்துணர்வதற்காகவே அரபி மொழியில் அருளப்பட்டதாகக் கூறுகின்றது. அதன் வசனங்களை மக்கள் ஆழ்ந்து சிந்திப்பதற்காகவே இறக்கப்பட்டதாகக் கூறுகின்றது. சிந்திக்காதோரின் உள்ளங்கள்மீது பூட்டுக்களா இடப்பட்டுள்ளன என்று வினவுகின்றது. அல்கமர் அத்தியாயம் ஒன்றிலேயே நான்கு இடங்களில், இம்மறை நினைவில் கொள்வதற்கும் படிப்பினை பெறுவதற்கும் எளிதாக்கப்பட்டிருப்பதைச் சொல்லி, படிப்பினை பெறுவோர் உண்டா என்று அழைக்கின்றது. ஒவ்வொரு தூதரும் தம் சமுதாயத்தினரின் மொழியிலேயே விளக்கிச் சொல்ல அனுப்பப்பட்டதை இப்ராஹீம் அத்தியாயம் நினைவூட்டுகின்றது. தவ்ராத்தைச் சுமத்தப்பெற்றும் அதன்படி நடவாதோரை, ஏடுகளைச் சுமக்கும் கழுதைக்கு ஒப்பிட்ட உவமை, அவர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதென்று எண்ணி நாம் நிம்மதியாக உறங்கிவிட முடியுமா?

பெருமானார் (ஸல்) அவர்களின் தோழர்கள் கற்ற முறையும் நமக்குத் தெரியாததன்று. பத்து வசனங்களைக் கற்றால், அவற்றின் அறிவையும் செயலையும் கற்றுக்கொள்ளாமல் அடுத்த பத்துக்கு அவர்கள் செல்வதில்லை என்று அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ அவர்கள் அறிவித்துள்ளார்கள். அரபியைத் தாய்மொழியாகக் கொண்டோரே இவ்வாறு நின்று நிதானித்தனர். அரபி அறியாத வீட்டில் பிறந்த நம் பிள்ளையோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடிக்கொண்டேயிருக்கின்றது, எங்கும் நிற்பதில்லை.

இது இன்று புதிதாக எழுந்த வாதமுமன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், பிள்ளைக்கு அடிப்படை நம்பிக்கைகளை முதலில் மனனமாகக் கொடுத்து, வளர வளர அதன் பொருள் சிறிது சிறிதாக விரியுமாறு செய்யவேண்டும் என்றார்கள். மனனத்தில் தொடங்கிப் புரிதலுக்கும், அதிலிருந்து உறுதிக்கும் செல்லும் படிவரிசை அது. முதற்படியில் பிள்ளையை ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துச் செல்லும்படி அவர்கள் சொல்லவில்லை. ஸெவில் நகரத்து காழி அபூபக்ர் இப்னுல் அரபி அவர்களோ இன்னும் கடுமையாகப் பேசினார்கள். மொழியறிவைப் புகட்டாமல் பிள்ளையைத் தொடக்கத்திலேயே இறைமறையில் இறக்கிப் புரியாததை ஓதவைக்கும் நாட்டு வழக்கத்தைக் கண்டித்தார்கள். அதனை எடுத்துக்காட்டிய இப்னு கல்தூன் (1332-1406) அம்முறை நல்லதே என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வழக்கம் அதற்கு இடந்தராது என்றார். பிள்ளை பெற்றோர் சொற்கேட்கும் பருவத்தில் குர்ஆனைக் கற்காவிடில், இளமை வேகத்தில் கை நழுவிப் போய்விடக்கூடும். பின்னர் கற்கும் வாய்ப்பே கிட்டாது என்ற அச்சத்தை அவர் காரணமாகக் காட்டினார்.

அந்த அச்சம் நியாயமானது, இன்றும் நியாயமானது. எனவே, ஓதலைத் தள்ளிப்போடும்படி நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த அச்சத்தையே மேலும் ஓர் அடி எடுத்துச் சென்று பாருங்கள். பிள்ளை கை நழுவும் என்று அஞ்சி அவசர அவசரமாக ஓதி முடிக்கவைக்கின்றோம். பத்து வயதிலோ பன்னிரண்டு வயதிலோ தமாம் ஆகின்றது. அதன்பின் பள்ளிப் பாடம், தனிப்பயிற்சி, பொதுத்தேர்வு. பொருளைப் பிறகு கற்பார்கள் என்ற அந்தப் ‘பிறகு’ எப்பொழுது வருகின்றது? ஆலிமாகச் செல்லும் வெகுசிலரைத் தவிர்த்து, ஏனையோருக்கு அது வருவதேயில்லை. ஆக, ஓதலுக்கு இளமையே தக்க பருவம் என்ற அதே காரணம், பொருளுக்கும் இளமையே தக்க பருவம் என்பதைக் காட்டுகின்றது.

“சிறுபிள்ளைக்கு எப்படிப் புரியும்?” என்ற வினாவுக்கு வருவோம். அல்ஃபாத்திஹாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு வசனங்கள், முப்பதுக்கும் குறைவான சொற்கள். அவற்றுள் எத்தனை சொற்கள் நம் பிள்ளைக்குப் புதியவை? உண்டு முடித்ததும் ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்று அது வீட்டில் கேட்கின்றது. துன்பம் வந்தால் பாட்டி ‘யா ரப்பே’ என்று விளிப்பதைக் கேட்கின்றது. ரஹ்மானும் ரஹீமும் மாலிக்கும் தெருவில் விளையாடும் தோழர்களின் பெயர்களில் உள்ளன. ‘நஃபுது’ என்பது நாம் அன்றாடம் சொல்லும் இபாதத்தின் குடும்பத்துச் சொல். ‘இஹ்தினா’ என்பது ஹிதாயத்தின் குடும்பத்துச் சொல். ‘ஸிராத்’ என்பதைச் சிராத்துப் பாலத்தின் வழியே அது அறியும். ‘அன்அம்த’ என்பதில் ‘நிஃமத்து’ ஒளிந்திருக்கின்றது. ‘தீன்’ என்றால் மார்க்கம் என்று அறிந்த பிள்ளைக்கு, இங்கே அச்சொல் தீர்ப்பையும் கூலியையும் குறிக்கின்றது என்று ஒரு வரி கூடுதலாகச் சொன்னால் போதும். தமிழ் முஸ்லிம்களின் வீட்டுத்தமிழே அல்ஃபாத்திஹாவின் சரிபாதிச் சொற்களைப் பிள்ளையின் மடியில் கட்டி வைத்திருக்கின்றது. முடிச்சை அவிழ்த்துக் காட்ட ஓர் ஆள்தான் இல்லை!

அவிழ்க்காததால் வரும் இழப்பு எத்தகையது? ஐவேளைக் கடமைத் தொழுகைகளில் பதினேழு ரகஅத்துக்கள். தனித்துத் தொழும் ஒருவர் ஒரு நாளைக்குப் பதினேழு முறை அல்ஃபாத்திஹாவை ஓதுகின்றார். ஓராண்டில் 6,205 முறை. பத்து வயதில் தொடங்கி அறுபது வயதுவரை தொழுதால் மூன்று லட்சத்துக்கும் மேல். மூன்று லட்சம் முறை ஒருவன் தன் இறைவனிடம் ஒரு வேண்டுகோளைச் சமர்ப்பிக்கின்றான். தான் என்ன வேண்டினான் என்று அவனுக்கே தெரியாது! அத்தொழுகை நிறைவேறாது என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை, சட்டம் அவ்வாறன்று. ஆனால் மது முற்றாக விலக்கப்படுமுன், போதையில் இருப்போர் தொழுகையை நெருங்கவேண்டாம் என்று தடுத்த வசனம், தாம் சொல்வது இன்னதென்று அறியும்வரை என்றன்றோ எல்லை வகுத்தது? சொல்வதை அறிந்து சொல்லுதல் தொழுகைக்கு அயலான பொருளன்று என்பதற்கு இதனினும் தெளிவு வேண்டுமா?

நம் முன்னோர் இதில் நம்மினும் விழிப்பாக இருந்தனர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழை அவர்கள் வளர்த்தது வெறும் வேடிக்கைக்கன்று. தமிழ் ஒலிகளுக்கென்று சில எழுத்துக்களைக் கூட்டி அமைத்துக்கொண்டனர். அதன் பயன் என்ன? மக்தபில் அலிஃப், பே கற்ற பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், அதே எழுத்தறிவைக் கொண்டு தன் தாய்மொழியில் மார்க்க நூலைப் படிக்க இயன்றது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் நூல்கள் பள்ளிக்கூட வாசலையே மிதியாத பெண்களின் கைகளிலும் தவழ்ந்தது இதனால்தான். குர்ஆனுக்காகக் கற்ற எழுத்தே பொருளுக்கும் வாயிலாயிற்று. அரபுத்தமிழ் வழக்கொழிந்தபோது அப்பாலம் இடிந்தது. அலிஃப், பே இன்று பிள்ளைக்கு ஒலியை மட்டுமே திறந்துவிடுகின்றது. தமிழ் எழுத்தோ பள்ளிப் பாடத்துக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. அரபுத்தமிழை மீண்டும் கொணர்க என்று நாம் கூறவில்லை. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் மொழிபெயர்ப்புத் தொடங்கிப் பல மொழிபெயர்ப்புகளும் விளக்கங்களும் இன்று தெளிந்த தமிழில் கிடைக்கின்றன. முன்னோர் ஏடு தேடி அலைந்தனர். நமக்கோ ஏடுகள் அலமாரியில் உள்ளன. எடுத்துக் கொடுக்கும் கைகளைத்தான் காணோம்.

பொருளறியாமை எங்கே கொண்டுபோய் விடுகின்றது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மீலாது மேடைகளிலும் கிராஅத் போட்டிகளிலும் அல்மாஊன் சூராவைப் பிள்ளைகள் அழகுற ஓதுகின்றனர். அவையோர் மகிழ்ந்து பரிசளிக்கின்றனர். அச்சூரா சொல்வது யாது? அநாதையை விரட்டுபவனைப் பற்றி, ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனைப் பற்றி, தொழுகையில் பராமுகமாய் இருந்துகொண்டு பிறர் காணவேண்டுமென்று செய்பவர்களைப் பற்றி, அற்பப் பொருளையும் பிறருக்கு உதவ மறுப்பவர்களைப் பற்றி அது எச்சரிக்கின்றது. பிறர் காணச் செய்வதைக் கண்டிக்கும் வசனம் பிறர் காண ஓதப்பட்டு, கைதட்டுப் பெற்று, கோப்பையோடு வீடு திரும்புகின்றது! ஓதிய பிள்ளைமீது குற்றமில்லை. அதற்கு எவரும் சொல்லவில்லை. பொருள் அறிந்திருந்தால் அப்பிள்ளை தன் வகுப்பிலுள்ள அநாதைத் தோழனை அன்று வேறு கண்ணோடு பார்த்திருக்கும். அந்த ஒரு பார்வைக்கு எந்தக் கோப்பை ஈடாகும்?

யானைப்படை அழிந்த வரலாற்றைக் கூறும் அல்ஃபீல் சூராவைப் பாருங்கள். யானையும் பறவைகளும் வரும் கதையென்றால் கண்ணிமைக்காமல் கேட்கும் பருவத்தில், அதில் யானை வருவதையே அறியாமல் நம் பிள்ளைகள் அதை ஓதிக் கடந்துவிடுகின்றனர். சுவை இல்லாத இடத்தில்தான் பிரம்பு தேவைப்படுகின்றது. மாணவரிடம் காட்டும் கடுமை அவர்களைச் சோர்வுக்கும் பொய்க்கும் வஞ்சகத்துக்கும் பழக்கிவிடும் என்று இப்னு கல்தூன் ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார். கதையைச் சொல்லுங்கள், பிரம்பு தானே மூலைக்குச் செல்லும்.

“இதற்கு நேரம் ஏது?” என்பது இறுதி மறுப்பு. கணக்குப் பார்ப்போம். அல்ஃபாத்திஹாவும், அல்ஃபீல் முதல் அந்நாஸ் வரையுள்ள பத்துச் சூராக்களும் சேர்ந்து 55 வசனங்கள். நாளைக்கு ஒரு வசனத்தின் பொருள் என்றாலும் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். மும்முறை திருப்பிச் சொன்னாலும் ஓராண்டுக்குள் அடங்கிவிடும். அல்கவ்ஸர் சூரா முழுவதும் பத்தே சொற்கள். ஒரு வசனத்தின் பொருளைச் சொல்ல ஐந்து மணித்துளிகள் போதும். தொழுகையில் அன்றாடம் ஓதும் பகுதி அநேகமாக இவ்வளவே. இதற்கு இல்லாத நேரம், தனிப்பயிற்சிக்கும் கைப்பேசிக்கும் எங்கிருந்து வருகின்றது?

கைப்பேசியைப்பற்றியும் ஒரு சொல். உலகப் புகழ்பெற்ற காரிகளின் குரலை இன்று எந்தச் சிற்றூரிலும் கேட்கலாம். ஒலிக்குப் பஞ்சமில்லை. ஆனால், “இதற்கு என்ன அர்த்தம், உஸ்தாது?” என்று பிள்ளை கேட்டால், அதன் முகத்தைப் பார்த்து அதன் வயதுக்கு இறங்கி விடைசொல்ல எந்தக் கருவியாலும் இயலாது. அதற்கு மனிதர் வேண்டும். அதற்கெனப் பயின்றவர் வேண்டும். அத்தகையவரை வைத்துக்கொள்ளும் செலவுக்கு நம் மஹல்லாக்கள் தயாராக உள்ளனவா? கணக்குப் பாடம் சொல்லித்தருபவருக்குக் கேட்ட தொகையைக் கொடுக்கும் பெற்றோர், ஓதிக்கொடுக்கும் உஸ்தாதின் மாதச் சந்தாவில் பேரம் பேசுகின்றனர். பள்ளிவாசலுக்குப் பளிங்குக்கல் பதிக்கத் தாராளமாக வசூலிக்கும் நிர்வாகம், மக்தபு ஆசிரியரின் ஊதியத்தைக் கடைசி வரியில் எழுதுகின்றது. பொருள் சொல்லித்தரத் தெரிந்த ஆலிம் வேறு ஊர் தேடிச் செல்கின்றார். எஞ்சியவரை வைத்துக் காலம் தள்ளுகின்றார்கள். பின்னர், பிள்ளைக்கு மார்க்கப் பற்று இல்லையே என்று புலம்புவதால் யாது பயன்?

எனவே நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளிது. தமாம் விழாவை நிறுத்தவேண்டாம். அதன் நிபந்தனையை மாற்றுங்கள். முப்பது ஜுஸ்உக்களை ஓதி முடித்த பிள்ளை, அல்ஃபாத்திஹாவின் பொருளையும் அப்பத்துச் சூராக்களின் பொருளையும் அவையோர் முன்னிலையில் தன் சொந்தத் தமிழில் சொல்லட்டும். மனனம் செய்த மொழிபெயர்ப்பை ஒப்பிக்கவேண்டாம். அது மற்றொரு கிளிப்பாடமாகிவிடும். தனக்குப் புரிந்ததைச் சொல்லட்டும். அதன்பின் உஸ்தாதுக்குப் புத்தாடை அணிவியுங்கள். அதற்கு அவர் முற்றிலும் உரியவர். ஊர்தோறும் வீட்டில் வைத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் பெண்மணிகளுக்கும் ஒரு மொழிபெயர்ப்பும் சிறிது பயிற்சியும் அளியுங்கள். அடுத்த தலைமுறையின் முதல் மக்தபு அவர்கள் மடியிலேயே நடக்கின்றது.

தாய்மார்களே, தந்தைமார்களே! இவற்றுக்கெல்லாம் நிர்வாகம் கூடித் தீர்மானம் இயற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மக்தபிலிருந்து திரும்பும் பிள்ளையிடம், “இன்று எத்தனை பக்கம் ஓதினாய்?” என்று வழக்கமாய்க் கேட்கப்படுகின்றது. இனி அதனோடு, “இன்று ஓதியதில் அல்லாஹ் என்ன சொல்கின்றான்?” என்றும் கேளுங்கள். பிள்ளைக்கு விடை தெரியாதெனில் மறுநாள் அது உஸ்தாதிடம் கேட்கும். உஸ்தாது விளக்குவார், அல்லது விளக்குவதற்காக ஏட்டைப் புரட்டுவார். உங்களுக்கே தெரியாதெனில், பிள்ளையோடு அமர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளலாம், அதில் இழிவொன்றுமில்லை. குர்ஆனைக் கற்று, பிறருக்கும் கற்பிப்பவரே உங்களில் மேலானவர் என்ற பெருமானாரின் நற்சான்று, கற்பதற்கு வயது வரம்பு எதையும் விதிக்கவில்லை.

நாவில் மறையும் நெஞ்சில் அதன் பொருளும் ஒருங்கே அமைந்த பிள்ளைகளை வல்ல நாயன் நம் ஒவ்வோர் இல்லத்துக்கும் அருள்வானாக!